பதினாறு நாள்

புருஷன் கோவர்த்தனனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு சந்திரம்மா நிமிர்ந்தபோது, தெருமுனையில் மைக் கட்டிய ஜீப் வந்து நின்றது. அறுபத்திரண்டாம் வருஷ எலெக்‌ஷனுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

செத்தவரின் தம்பி முனிரத்தினம், எம்.எல்.ஏ., கதர்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். அண்ணன் நெஞ்சில் ரோஜா மாலையைப் போட்டு, விழுந்து அழுதான். அழுகை பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

ஐம்பத்திரண்டில் அவன் நின்று தோற்றபோதும், ஐம்பத்தைந்தில் ஜெயித்தபோதும் ஊர் ஊராக நடந்தவர் கோவர்த்தனன்தான். இடையில் தாலூக்கா ஆந்திராவோடு போய்விட்டதால், இரண்டாம் தடவை "என் தம்பி நம்ம தாலூக்காவ மெட்ராஸோட சேத்துடுவான்" என்று வீட்டுக்கு வீடு வாக்குக் கொடுத்தார். ஜெயித்தவனோ, தன் ஜனங்களுக்கு ஆந்திராவிலேயே இருக்கச் சம்மதம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டான். அறுபதில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. இவர்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. ஊரார் வாசலில் நின்று அண்ணனைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு உள்ளே போனவர் அப்புறம் தெருவில் இறங்கவே இல்லை. சொந்தக் கழனியின் அறுப்பைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

முனிரத்தினத்தின் ஏஜென்ட் ஏழுமலை கடிகாரத்தைப் பார்த்தான். "அண்ணா, ஆறு மணிக்கு நகரியில மீட்டிங்கு."

முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "அண்ணி, அண்ணனுக்குத்தான் புள்ள இல்லியே. பங்காளி வேதாச்சலம் கொள்ளி வெக்கட்டும். நான் சுடுகாடு வரைக்கும் வந்துட்டுப் போறன்."

சந்திரம்மா தலைமாட்டிலிருந்து எழுந்தாள். தெரு நிறைய ஜனம். அத்தனையும் ஓட்டு.

"உங்கண்ணன் உன் கையாலதான் கொள்ளி வேணும்னாரு," என்றாள், கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி. "மொட்ட போட்டுக்கினு, பதினாறு நாளும் இந்த வூட்ட வுட்டு வெளிய போவாம, கருமாதி முடிச்சிட்டுப் போ."

"பதினாறு நாளா!" என்றான் ஏழுமலை.

முனிரத்தினம் கூட்டத்தைப் பார்த்தான். வேதாச்சலம் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். முடியாது என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் சுற்றுவட்டாரம் முழுக்கச் சேதி போய்விடும்.

"சரி அண்ணி."

முந்தாநாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் கோவர்த்தனன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது வேறு. "அவன் என்னைத் தொடக் கூடாது சந்திரா." கேட்டவள் அவள் ஒருத்திதான். பாடையைத் தூக்கியபோது மற்றப் பெண்கள் முகம் பார்க்க முண்டியடித்தார்கள். அவள் பார்க்கவில்லை.

பொழுது சாயத் திரும்பினார்கள். ஜீப் ஏழுமலையை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. முனிரத்தினம் ஈர வேட்டியோடு குனிந்து விளக்கைக் கும்பிட்டு நிமிர்ந்தான். முடி போனதும் அந்த நெற்றியும் காதும் அப்படியே அவர்.

மற்றவர்கள் கலையும்வரை காத்திருந்து, மெல்லக் கேட்டான்.

"அண்ணி... அண்ணன் நெசமாவே அப்படிச் சொன்னாரா?"

சந்திரம்மா மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்தாள். உதறி, விளக்குக்குப் பக்கத்தில் அவனுக்கு விரித்தாள்.