கழுவாமல் வந்த தூக்குச்சட்டி

நிசார் அஹமது பாயிடம் ஒரு சேதி கேட்டு வாங்குவதற்குள் எனக்குப் பிரசவமே ஆகிவிடும். அவர் தோல் வாங்குகிறவர். எங்கள் ஊர் குடியாத்தத்தில் பச்சைத் தோல் வாங்கி, காலை ரயிலில் ஆம்பூருக்குக் கொண்டுபோய், என் அக்கா புருஷன் முனிரத்தினம் மாமா வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பில் போட்டுவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்புவார். என் தூக்குச்சட்டியும் அவரோடு போய் அவரோடு வரும். அந்த நாட்களில் அதை நம்பித்தான் நான் உயிரோடு இருந்தேன்.

என் அக்கா அமிர்தவள்ளி செத்துப்போயிருந்தாள். மார்பில் புற்று. கடைசியாக அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எனக்கு ஒன்பதாம் மாதம். மாசமாக இருக்கிறவள் சாவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது, காரியம் முடிகிறவரை அந்த ஊர்ப் பக்கமே போகக்கூடாது என்று மாமியார் குறுக்கே நின்றுவிட்டாள்.

"நீ போய்த்தான் அவ எழுந்து உக்காரப் போறாளா? வயித்துல இருக்கறதப் பாரு. உக்காருடி" என்றாள்.

"உங்க பொண்ணு செத்திருந்தா இப்டி பேசுவீங்களா அத்தே?"

உள்ளே போய்க் களிக்கு உலை வைத்தாள். அக்கா வீட்டுக்கு அனுப்பத்தான் வைத்தாள். அவளோடு முழுசாகச் சண்டை போடவும் முடியாது.

என் வீட்டுக்காரர் பச்சையப்பனுக்கு ரயில்வே லைனில் கூலி வேலை. அக்காவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே காட்பாடிப் பக்கம் வேலைக்குத் துரத்திவிட்டார்கள். ஆக, ஆம்பூரில் அக்கா புருஷனும் ரெண்டு பிள்ளைகளும். இங்கே நானும் என் வயிறும். நடுவில் பாய்.

முதல் தடவை அனுப்பிய சட்டி போன மாதிரியே திரும்பி வந்தது. களி மேலே ஏடு கட்டிக் காய்ந்திருந்தது.

"மாமா சாப்பிடலியா பாய்?"

"தோலுக்கு வெலயே இல்லம்மா. சீமைல வாங்கறவன் இல்ல. ஒரே பேஜாரு."

"நான் தோலையா கேட்டேன்?"

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன், கெட்ட சேதி சொல்ல நாக்கு வராது. "அவன் ஒண்ணும் துன்னல. ஷாப்புக்கு வர்றான், வேல செய்யல. சுண்ணாம்புக் குழி ஓரமா குந்திக்கினு கீறான். மேஸ்திரி கூப்டாலும் எழுந்துக்கல."

தோலில் மயிர் கழல்வதற்காக ஊறப்போடும் குழி அது. விழுந்தவன் கண்ணோடு வெளியே வரமாட்டான், உயிரோடு வந்தாலும்.

"எதுனா பேசினாரா?"

"'பக்கத்துலயே படுத்திருந்தேன், என் மூக்கு செத்துப்போச்சு'ன்றான். அதையேதான் சொல்றான்."

பாய்க்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பொங்கலுக்கு அக்கா இங்கே வந்தபோது, வாசற்படி தாண்டியதுமே எனக்கு அந்த நாற்றம் தெரிந்துவிட்டது. ரவிக்கையை விலக்கிப் பார்த்தேன். கட்டி உடைந்து புண்ணாகி இருந்தது. மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். லேடி டாக்டர் பார்த்துவிட்டு, ரொம்ப முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கையைக் கழுவப் போய்விட்டார். அத்தனை நாளாக ஒரே படுக்கையில் படுத்த மாமாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். தோல் ஷாப்பு ஆளுக்கு மூக்கு ஏது? விடிந்தால் அழுகின தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை. வீட்டில் நாறினால் தன்மேல்தான் நாறுகிறது என்று நினைத்து, எழுந்துபோய் இன்னொரு தடவை குளித்துவிட்டு வந்து படுப்பார். பாவம், எத்தனை தடவை குளித்தாரோ.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்காவே சொன்னாள்.

"அவரோட ஷாப்புத் துணியத் துவைக்காம தலமாட்டுல மாட்டி வெச்சிடுவேன்டி. அந்த நாத்தத்துல இது தெரியாது. தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு என்னத் தூக்கிக்கினு ஊர் ஊரா அலைவாரு. பசங்க இன்னா துன்னும்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அறையலாம் போல இருந்தது எனக்கு.

இதை மாமாவிடம் சொல்லியாக வேண்டும். உங்கள் மூக்கு சாகவில்லை, அவள்தான் உங்களிடம் மறைத்து ஏமாற்றினாள் என்று சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? அக்காவின் மார்பையும் படுக்கையையும் பற்றித் தோல் வாங்கும் பாயிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? எனக்கு எழுதத் தெரியாது. யாரையாவது எழுதச் சொன்னால் அங்கே வேறு யாராவதுதான் படித்துக்காட்ட வேண்டும். தெருவே சேர்ந்து கேட்கும்.

மறுநாள் சட்டி காலியாக வந்தது. எனக்கு ஒரு நிமிஷம் போன உயிர் வந்தது. சாவு வீட்டுக்குப் போன பாத்திரத்தை அங்கே கழுவமாட்டார்கள், அனுப்பியவர்கள்தான் கழுவ வேண்டும். கழுவ உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். சட்டியின் உட்புறம் களியை வழித்த தடம் அப்படியே காய்ந்திருந்தது. எல்லாம் சின்னச் சின்ன விரல். அக்கா மகள் தேவகியும் அவள் தம்பியும். பிள்ளைகள் சாப்பிட்டதில் சந்தோஷம்தான். ஆனால் பெரிய விரல் ஒன்றுகூட இல்லை.

"குழிகிட்டதாம்மா இருக்கான்" என்றார் பாய், நான் கேட்பதற்கு முன்பே.

அன்றைக்கு நான் கண் மூடவில்லை. விடிந்ததும் சட்டியோடு ஒரு சேதியும் கொடுத்தேன்.

"எங்கக்கா பொண்ணு தேவகிகிட்ட சொல்லுங்க பாய். 'தலமாட்டுல ஷாப்புத் துணிய மாட்டி வெச்சது யாரு, எதுக்கு'ன்னு அவங்க அப்பாவக் கேக்கணும். சின்னம்மா கேக்கச் சொன்னான்னு சொல்லணும்."

"இது இன்னாம்மா சேதி?"

"வூட்டு சேதி. ஒரு வார்த்த மாறாம சொல்லுங்க."

தலமாட்டுல, துணி, யாரு, எதுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் தெருமுனைவரை பின்னாலேயே போனேன். என்ன காரியம் செய்துவிட்டேன்? 'என்னையே ஏமாற்றினாளே, என்னை நம்பவில்லையே' என்று அந்த மனுஷன் அப்படியே குழியில் சாய்ந்துவிட்டால்? ஆறுதல் சொல்லப் போய் நானே தள்ளிவிட்ட மாதிரி ஆகாதா? சேதியைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. ரயில் போய்விட்டது.

சாயங்கால வண்டி வந்தது. ஊதியது. ஸ்டேஷனிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தெருவில் போனார்கள். பாய் வரவில்லை.

"வராம இருக்கமாட்டாரே அத்தே" என்றேன்.

மாமியார் என்னை ஒருமுறை பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயமாக இருந்தது.

விளக்கு வைத்த பிறகு இருவரும் சேர்ந்து வந்தார்கள். பாய் சட்டை முழுக்கக் கரி. தெரிந்த கார்டு ஒருவர் கூட்ஸ் வண்டியில் ஏற்றி விட்டாராம்.

"மாமா இருக்காரா?"

"இருக்கான், இருக்கான். அவனாலதான் வண்டிய வுட்டேன்." சட்டியைத் திண்ணையில் வைத்தார். "பொண்ணு குழிகிட்ட வந்து நீ சொன்ன மாதிரியே கேட்டுச்சு. அவன் பொண்ணு மூஞ்சியப் பாத்தான். அப்புறம் எழுந்து வூட்டுக்கு நடந்தான். நானும் பின்னாலயே போனேன். அந்தத் துணி இன்னும் ஆணிலயே இருக்கு. எடுத்து மூஞ்சில வெச்சுக்கினு 'இதுக்காடி மாட்டி வெச்ச'ன்னு அழுதான். அல்லா, ஒரு ஆம்பள அப்டி அழுது நான் பாத்ததில்லம்மா. வெளிய நானும் அழுதேன்."

"அப்புறம்?"

"கிளம்பறேன்னேன். 'இருங்க பாய், சட்டி எடுத்துக்கினு போங்க'ன்னான். உள்ள பசங்களக் கூப்ட்டான். வண்டி போய்ட்டுது."

நான் மூடியைத் திறந்து விளக்கருகில் பிடித்தேன். சின்ன விரல்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அடியிலிருந்து விளிம்புவரை நாலு அகலமான தடம். அதில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் இடம் இருந்தது.

"குடு, கழுவி வெக்கறேன்" என்றாள் மாமியார்.

"காலைல கழுவிக்கலாம் அத்தே."

இனி அந்த வீட்டில் சாப்பிட மூன்று பேர். அதை நினைத்தபோதுதான் அக்கா இல்லை என்பது எனக்கு உறைத்தது. அதுவரை பயப்படவே நேரம் சரியாக இருந்தது. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். மாசமாக இருக்கிறவள் அழக்கூடாது என்று சொல்ல வாயெடுத்த மாமியார், அதைச் சொல்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.