ஈஸ்ட் கணபதிக்குக் குடிவந்த வருஷம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கும் பொறுமை கிடையாது. சூடான டீயை ஆற்றிக் குடிக்க நேரமில்லாமல் அதில் பச்சைத் தண்ணீரை விட்டு மடக்கென்று விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்காக வைத்த கடை வேறு எப்படி இருக்கும்? அதனால்தான் அவிநாசி ரோட்டில், பீரைத் தானே காய்ச்சி விற்ற ‘இருபத்தொண்ணு’ என்ற கடையின் ஈஸ்ட், ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குத் தொட்டியை விட்டு இறங்கி, பின்வாசல் வழியாக வெளியே நடந்தது. அன்றைக்குத் தக்காளி கிலோ நாற்பது ரூபாய். ஈஸ்ட் ஒரு கைக்குழந்தை அளவுதான் இருந்தது. வெளுத்த பழுப்பு நிறம். சிக்னலில் நின்று, வண்டிகள் நின்றபின் ரோட்டைத் தாண்டியதைப் பூக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

அந்தக் கடையில் தொட்டி கழுவியவர் செங்கோடன். எழுபத்திரண்டு வயது, மூன்றாம் வகுப்போடு சரி, நாற்பது வருஷம் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவர். மகளின் பிரசவம் பார்க்கக் கனடா போன மனைவி ராசாத்தாள் ஆறு வருஷமாகத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்பார். இவர் ம் என்பார். வாரத்தின் பேச்சு அத்தோடு முடிந்தது. வேலை முடிந்ததும் கடையில் ஒரு கிளாஸ் பீர் குடிப்பார். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கிளாஸை மெதுவாகக் கீழே வைப்பார், அவ்வளவுதான். பீர் காய்ச்சிய பூஜிதாவுக்கு அது போதும்.

பீர் பக்குவப்பட இருபத்தொரு நாள் வேண்டும் என்று சொன்னவள் அவள்தான். கடையின் பெயரே அதிலிருந்து வந்தது. முதலாளி கிருபாசங்கர் அதைப் பதினாலாக்கினான், பிறகு ஒன்பதாக்கினான், கடைசியில் கேன் கேனாகச் சிரப் வாங்கி இறக்கினான். தண்ணீர், கேஸ், சாயம், பத்து நிமிஷம். பூஜிதா பெங்களூருக்கே திரும்பிப் போய்விட்டாள். குடித்தவர்கள் எல்லோரும் “நல்லாருக்குதுங்க” என்றார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு, கருகிய தோசையை வைத்தாலும் வைத்தவர் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல வராது. கிருபாசங்கர் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டான்.

செங்கோடன் மட்டும், “தொட்டி கழுவுன தண்ணியே தேவல” என்றார்.

“ஏனுங் பெரியப்பா, இத்தன பேரு நல்லாருக்குதுங்கறாங்க. உங்களுக்கு மட்டும் நாக்கு வேறயாட்டப் பண்ணி வெச்சிருக்குதா?” என்று அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கிருபாசங்கர் சிரித்துவிட்டு, வேலையில்லாமல் கிடந்த ஈஸ்டைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னான். அவர் ஊற்றவில்லை. வேலையை விட்டுவிட்டு, தன் வீடு இருந்த கணபதிப் பக்கம் பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அவருக்கு முன்பே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தது.

செங்கோடன் அதை ஏற இறங்கப் பார்த்தார். “இங்க சோறு மட்டுந்தான்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மட்டுந்தானுங்க, அம்மணி,” என்று சேர்த்துக்கொண்டார். பட்டறைக்குக் கலெக்டர் வந்தபோதுகூட அவர் வாயிலிருந்து அந்த ‘ங்க’ வந்ததில்லை.

பழைய சோறும் வெல்லமும் தின்று அது தண்ணீர்க் குடத்தில் குடியிருந்தது. ஒரு மாதத்தில் தலையணை உப்பியது. ரேஷன் அரிசி தோசை கல்லை விட்டு எழுந்து நின்றது. வீடு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்துவிட்டதால் வாசலில் கூடுதலாக ஒரு கல் போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு சாஜிதா பேகம் ஆப்ப மாவுக்குக் குடத்திலிருந்து ஒரு கரண்டி கேட்டு வந்தார். பிறகு தெருவே வந்தது. குடத்தை நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள், அவரை யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றி அவருக்குக் குறையில்லை. ஆமென்றால் ஒரு குமிழ், இல்லையென்றால் இரண்டு என்று அது பதில் சொல்லப் பழகியிருந்தது. லேத் தின்ற விரலைப் பற்றி, ராசாத்தாளிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றியெல்லாம் அதனிடம் பேசினார்.

“யாருகூடவோ பேசறாப்பல இருக்குதுங்களே?” என்றார் ராசாத்தாள் ஒரு ஞாயிறு.

“ஈஸ்டுகூட.”

“சரிங்க, பாத்துக்குங்க.”

கடையில் அதற்குள் எதுவும் கெடாமல் போயிருந்தது. அறுத்து வைத்த எலுமிச்சை மூன்று மாதம் பச்சையாகவே கிடந்தது. ஊற்றிய நுரை அடங்கவேயில்லை. குடித்தவர்களுக்குப் போதையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. கூட்டம் மட்டும் இரட்டிப்பானது. ஆனால் கிருபாசங்கர் நுழைந்த வீட்டில் மாவு பொங்கவில்லை, பால் உறையவில்லை. தயிர் இல்லாமல் நாலு மாதம் சாப்பிட்ட அவனுடைய அம்மா, போய்க் காலில் விழுந்தாவது ஈஸ்டைக் கூட்டிக்கொண்டு வா என்று துரத்திவிட்டார்.

காரில் வந்து கைகட்டி நின்று, இருபத்தொரு நாளும் விடுவேன் என்று சத்தியம் செய்தான். செங்கோடன் ஒரு சொல்லையும் நம்பவில்லை. ஆனாலும் குடத்தைப் பார்த்து, “போறீங்களா?” என்று கேட்டார். இரண்டு குமிழ் வரும் என்றுதான் நினைத்தார். ஒன்று வந்தது.

அது போன மறுநாளே வீடு பழைய மட்டத்துக்கு இறங்கியது. அவர் வெறும் குடத்திடம் பேசிப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். இருபத்தொன்றாம் நாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். ஏதோ கம்பெனி விருந்துக்காக ஒன்பதாம் நாளே தொட்டியைத் திறந்து, இப்போது ஓடுவது இரண்டாவது தொட்டி என்றார்கள். ஈஸ்டைக் கண்ணாடித் தொட்டியில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மேஜையிலிருந்து ஒவ்வொரு “நல்லாருக்குதுங்க” வரும்போதும் அது ஒரு விரற்கடை பூரித்தது. அதோடு கடையின் கூரையும் மேஜைகளும் உட்கார்ந்திருந்தவர்களும் ஒரு விரற்கடை மேலே போனார்கள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. செங்கோடன் ஒரு வாய் குடித்தார். பாதியில் நின்ற பீர்.

கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, “அரையுங்கொறையுமா விட்டுப்போட்டீங்களே, அம்மணி. ஊட்டுக்கு வாரீங்களா?” என்றார்.

இரண்டு குமிழ்.

சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு தடவை கேட்டார். மறுபடி இரண்டு.

வாசலில் ஹாரிகா என்ற பெண் டேப்லெட்டை நீட்டினாள். “எத்தன ஸ்டாருங்க தாத்தா?”

“நல்லால்ல.”

“அதுக்குப் பட்டன் இல்லீங்களே,” என்று அவளே அவருக்காக அஞ்சையும் அமுக்கினாள். கடை அதற்குள் தரையை விட்டு இடுப்பளவு எழும்பியிருந்தது. செங்கோடன் வாசலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கீழே குதித்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, நல்லால்ல என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.