ஹட்சன் காரின் கியர்பாக்ஸ்

கைருன்னிஸாவுக்குச் சந்தேகம் வந்தது அந்தப் பூட்டைப் பார்த்த அன்றுதான். கார் கொட்டகைக்குப் பூட்டுப் போடுவது சரி. உள்ளே நிற்கிற காரின் பானெட்டுக்கும் சங்கிலி சுற்றித் தனிப் பூட்டுப் போடுகிற ஆள் காரணம் இல்லாமலா போடுவார்? போட்டது வேறு யாருமில்லை, அவள் காக்கா என்று கூப்பிடுகிற கூடப் பிறந்த அண்ணன் நெய்னா முகம்மது. கேட்டதற்கு, எலி புகுந்துவிடுகிறது என்றார். பூட்டுக்குப் பயந்து திரும்பிப் போகிற எலியைக் காரைக்காலில் யாராவது பார்த்ததுண்டா?

அது அவர்களுடைய பாட்டனார் சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தபோது கப்பலேற்றி அனுப்பிய ஹட்சன் ஹார்னெட். ஊர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்ததால் ஸ்டீயரிங் இடது பக்கம். வாப்பா மௌத்தான பிறகு கார் அண்ணன் தங்கை இருவருக்கும் என்று பேச்சு. பேச்சு மட்டும்தான் இருவருக்கும். கார் நின்றது காக்கா கொட்டகையில், சாவி இருந்தது காக்கா இடுப்பில்.

சென்னையில் பழைய கார்கள் ஏலம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, மதிப்புப் போடுகிற ஹரிஹரனைப் போனில் பிடித்தது அவள்தான். அவர் சொல்லச் சொல்ல அவளுக்குத் தூக்கம் போயிற்று. அமெரிக்கக் கார்களில் எட்டு சிலிண்டருக்குத்தான் மவுசாம். ஆனால் இந்த ஹார்னெட் ஆறு சிலிண்டரை வைத்துக்கொண்டே பந்தயத்தில் எட்டுகளைத் தோற்கடித்த வண்டியாம். அதனால் வெளிநாட்டு ஏலங்களில் இதற்கென்றே போட்டி போடுகிற ஆட்கள் உண்டாம். வாங்குகிறவன் முதலில் இரட்டைக் கார்புரேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பான். அப்புறம் கியர். அந்தக் காலத்திலேயே சாதா மூன்று கியர், நெடுந்தூர வேகத்துக்கென்று ஓவர்டிரைவ் வைத்த கியர், ஆட்டோமேட்டிக் என்று கேட்டதைப் போட்டுக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவன் ஓவர்டிரைவைத்தான் தேடுவான், இவர்கள் வீட்டுக் காரில் வந்ததும் அதுவேதான். ஆனால் கம்பெனி போட்டதில் எதையாவது மாற்றியிருந்தால் விலை பாதியாக இறங்கிவிடும்.

மாற்றியிருந்தால் என்ற ஒரு சொல் போதாதா அவளுக்கு? காக்கா போன வருஷம் மாடி கட்டினாரே, எதை வைத்துக் கட்டினார்? ஷார்ஜா சம்பாத்தியம் எப்போதோ கரைந்துவிட்டதே. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிற புருஷன் நஸ்ருதீனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: காரில் ஒரு சாமான் குறைந்தாலும், அடுத்த மாதம் மகள் ஷிஃபா கல்யாணத்துக்குத் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு காக்கா நம் வாசல்படி ஏறக் கூடாது. நஸ்ருதீன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர். லாரிக்கு டயர் பார்க்கணும் என்று எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஹரிஹரன் வந்தார்; நஸ்ருதீனும் கொட்டகைக்கு வந்து நின்றார். சங்கிலியை அவிழ்க்கும்போது காக்கா இரண்டு முறை தப்பான சாவியைப் போட்டதை அவள் பார்த்துவிட்டாள். பானெட் திறந்தது. வரிசையாக ஆறு சிலிண்டர், பக்கத்தில் ஜோடியாக இரண்டு கார்புரேட்டர், எஞ்சின் நம்பரும் சரியாக இருந்தது. நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஹரிஹரன் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“இது ஜீப் கியர்பாக்ஸ்ங்க.”

காக்கா பிடரியைத் தடவியபடி கதையைச் சொன்னார். ஹட்சன் கிளட்சில் தக்கைகள் பதித்திருக்கும், அது எப்போதும் எண்ணெயில் ஊறியே இருக்க வேண்டும். இது தெரியாத நெடுங்காட்டு மெக்கானிக் ஒருவர், எண்ணெய் ஒழுகி உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்து, மொத்தத்தையும் வடித்துச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தார். கிளட்ச் கருகிப்போயிற்று. அதற்குத் தக்கை இங்கே எங்கே கிடைக்கும்? வாப்பா கிளட்சோடு சேர்த்து ஜீப் கியர்பாக்ஸையே மாட்டச் சொல்லிவிட்டார்.

இதே கூத்து வேறு ஊர்களிலும் நடந்திருக்கிறது என்று ஹரிஹரன் சிரித்தார். பழைய கியர்பாக்ஸ் கையில் இருந்தால் திரும்ப மாட்டிவிடலாம், விலையும் குறையாது என்றார். இருக்கிறதா என்று கேட்டார்.

காக்கா தரையைப் பார்த்தார். “வித்துட்டேன்.”

இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள்? நஸ்ருதீனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். யாரிடம் விற்றீர்கள், எப்போது விற்றீர்கள் என்று வக்கீல் மாதிரி பிடித்துக்கொண்டாள். நாகப்பட்டினத்து வியாபாரி ஒருத்தர் என்றார் காக்கா. அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், நம்பட்டும் என்று ஷிஃபா பிறந்த வருஷம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க காக்கா?”

“இங்கதான்.”

“ஷார்ஜாவுல இருந்தீங்க. புள்ள மொகத்தையே நடக்க ஆரம்பிச்சப்புறம்தான் வந்து பாத்தீங்க.”

காக்கா சங்கிலியைக் கையில் சுருட்டினார். அவளோ ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஜாதி இல்லை. காக்கா இல்லையென்றால் அப்போது வீட்டில் யார் இருந்தது? வாப்பா, உம்மா, பிரசவத்துக்கு வந்திருந்த அவள். நோன்பு மாதம். பிள்ளைக்கு நாற்பது கழிக்க வேண்டும் என்று அவள்தான் முன்னால் நின்று வீட்டைச் சுத்தம் செய்தாள். கிணற்றடியில் சாக்கு சுற்றிய கனமான என்னவோ ஒன்று கிடந்தது; காயப்போட்ட பிள்ளைத் துணியிலெல்லாம் அதன் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. வாசலில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தள்ளுவண்டிக்காரன் கூவினான். அவனும் இன்னொருத்தனும் மூச்சுப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். பழம் மட்டும் போதாது என்று சண்டை போட்டு ஓர் அலுமினிய அண்டாவும் வாங்கினாள். அந்த அண்டாவைத்தான் கல்யாணப் பிரியாணிக்கு என்று நேற்றுத் தேய்த்துக் கவிழ்த்திருக்கிறாள்.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. காக்கா பழியைச் சுமந்துகொண்டே போய்விடுவார், மருமகள் கல்யாணத்துக்கும் வராமல் இருந்துவிடுவார். அந்தப் பூட்டு யாருக்காகத் தொங்கியது என்று இப்போது விளங்கியது. காரைத் திறந்து பார்க்கிற எவனும் அந்தப் பழைய கியர்பாக்ஸ் எங்கே என்று கேட்பான், பதில் அவளிடம்தான் வந்து நிற்கும். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“காக்கா விக்கல” என்றாள் ஹரிஹரனிடம். “நான்தான் பழைய இரும்புன்னு பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன்.”

நஸ்ருதீன் சட்டென்று கொட்டகைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஹரிஹரன் டார்ச்சை அணைத்து அணைத்து எரித்தார்.

“வாப்பாவுக்குத் தெரியுமா?” என்று காக்காவிடம் கேட்டாள்.

தெரியும் என்றார் காக்கா. அஸர் தொழுதுவிட்டு வந்தவருக்குக் கிணற்றடி வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாம். அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தட்டு நிறையப் பழத்தோடு சிரித்தபடி எதிரே வந்தாளாம். அவளிடம் ஒருபோதும் கேட்டுவிடாதே என்று, காக்கா ஊருக்கு வந்த அன்றே சொல்லி வைத்தாராம்.

“அன்னைக்கு நோன்பு தொறக்க அதுலேருந்துதான் வாப்பா எடுத்தாங்களாம்” என்றார் காக்கா. “பழம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க.”