விழுந்தாரா, பாய்ந்தாரா

மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். வெளியே விடாத தூறல். வீரப் பதக்கக் குழுவின் அறைவாசலில் சிப்பாயின் மனைவி நகத்தைக் கடித்தபடி அமர்ந்திருந்தாள். தோழர்களைக் காக்கக் கையெறி குண்டின்மேல் பாய்ந்து உயிர்விட்டவன் அவள் கணவன். அறிக்கையிலோ, 'குண்டின்மேல் விழுந்தார்' என்றிருந்தது. கால் இடறி விழுந்தவனுக்குப் பதக்கம் கிடையாது.

"நான்தான் எழுதினேன் அண்ணி," என்றான், அன்று பிழைத்த தோழன். "அவசரத்துல எழுதினது. வாயில வந்த வார்த்தையப் போட்டுட்டேன்."

"ஒரே வார்த்தையில அவரத் தடுக்கி விழ வச்சிட்டியே, தம்பி!"

"உள்ள போய்ப் பாய்ஞ்சே காட்டிட்டேன். அவங்க மேஜைதான் உடைஞ்சிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மறுபடி நகத்தைக் கடித்தாள்.

கதவு திறந்தது. குழுவின் அதிகாரி வெளியே வந்து, கையெழுத்திட்ட ஆணையை இரு கைகளாலும் அவளிடம் கொடுத்தார்.

"பதக்கம் உண்டும்மா."