முதலில் சாகிறவள்

லோசா நடித்த படங்களில் எல்லாம் அவள்தான் முதலில் சாவாள். வேற்றுக்கிரகப் புழு தின்றிருக்கிறது, பச்சைப் புகை மூச்சை அடைத்திருக்கிறது, ஒருமுறை சலவை இயந்திரத்துக்குள்ளிருந்து நீண்ட கை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆக்லாந்தில் கையில் காசில்லாமல் இந்த மாதிரிப் படம் எடுக்கிறவர்கள், சமோவாத் தீவுக்காரி ஒருத்தி வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தமுறை கடைசிக் காட்சிவரை உயிரோடு இருப்பாய் என்று இயக்குநர் கேலம் வாக்குக் கொடுத்திருந்தான். அதை நம்பி மகள் பெனினாவிடமும் சொல்லிவிட்டாள். "உங்கம்மா எப்பவும் செத்துடுவாங்களே" என்று பள்ளியில் சிரிக்கிறார்களாம். ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வளவுதான் பொறுக்கும்?

காலையில் ஓட்டாஹூஹூ பகுதியின் பழைய குளிர்பதனக் கிடங்குக்குள் அவள் நுழைந்ததும், கேலம் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ஷூட்டிங் நாளைக் குறைச்சுட்டாங்க லோசா. இன்னிக்கே உன்னைக் கொல்ல வேண்டியிருக்கு."

"எல்லா இன மக்களும் நடிக்கிற படம்னு போஸ்டர்ல போட்டிருக்கே?"

"நடிக்கிறாங்களே!"

"நடிக்கிறோம். முதல் அரைமணி நேரம்."

அதற்குமேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. விமான நிலையத்தில் இரவுத் துப்புரவு வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தாள்.

காட்சி எளிதுதான். மிருகம் அவள் காலைப் பிடிக்கும். கூட்டம் அவளை விட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடும். கூட்டமாக நடிக்க வந்தவர்கள் அவளுடைய மாங்கெரே சர்ச் ஆட்கள். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. அதையும் நாத்தனார் ஃபெட்டுதான் சட்டிசட்டியாகச் சமைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

மிருகம் பிடித்தது. லோசா அலறினாள். ஓடிய கூட்டம் பாதிவழியில் தயங்கியது. ஃபெட்டு திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கட்! ஏம்மா, ஓடணும்!"

"அண்ணியை விட்டுட்டா? எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இது சினிமாம்மா!"

"சினிமான்னா சர்ச்சே பார்க்கும். நான் ஓடினதையும் பார்க்கும்."

அடுத்தமுறை யாருமே ஓடவில்லை. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் யோசேஃபா மிருகத்தின் காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். ரப்பர் கால் முட்டியோடு கழன்று அவர் கையில் வந்துவிட்டது. மிருக உடைக்குள் இருந்தவன் ஒற்றைக் காலுறையோடு விழித்தான்.

படத்துக்கு இருந்ததே அந்த ஒரு மிருகம்தான். கேலம் தலையில் கைவைத்துப் பெட்டிமேல் உட்கார்ந்தான். "சரி, அதுக்குக் கால் போச்சு, இவங்க உன்னைக் காப்பாத்திட்டாங்க. நீ பிழைச்சுக்கோ. ஆனா ஒருத்தராவது இப்பவே சாகணும். இல்லேன்னா ஜனங்க எப்படிப் பயப்படுவாங்க?" என்றான். அவன் பார்வை ரோனில் மேல் போய் நின்றது. ஃபிஜி இந்தியன், அவனுக்கு இதுதான் முதல் படம்.

"அக்கா, அடுத்தது நானா?" ரோனிலின் குரல் இறங்கியது. "எங்கம்மா ஊர் பூரா சொல்லிவெச்சிருக்காங்க."

"கேப்டனா நடிக்கிறவனைக் கொல்லேன்" என்றாள் லோசா.

"அவன் பணம் போட்டவரோட மாப்பிள்ளை."

தலையாட்டினால் போதும், பெனினாவுக்குக் கொடுத்த வாக்குப் பலித்துவிடும். லோசா ரோனிலைப் பார்த்தாள். அவன் வசனத்தாளை நான்காக மடித்துக்கொண்டிருந்தான்.

"அவனை விடு, நானே சாகறேன். ஆனா இவங்க ஓடமாட்டாங்க."

"ஓடாம?"

"ஒருத்தர் செத்தா எங்க ஆளுங்க என்ன செய்வாங்களோ, அதைச் செய்வாங்க."

நொண்டி மிருகத்தை இருட்டில் நிறுத்திவிட்டுக் காமிராவை ஓட்டினார்கள். லோசா செத்து விழுந்தாள். ஃபெட்டு தன் இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு உட்கார்ந்து, அண்ணியின் தலையை மடியில் வைத்துத் துணியைப் போர்த்தினாள். பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி அமர்ந்தார்கள். யாரோ தாழ்ந்த குரலில் பாட்டெடுத்தார்கள். கேலம் கட் சொல்லவில்லை.

"பெனினாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று முணுமுணுத்தாள் ஃபெட்டு. "வயிறு ஏறி இறங்குது அண்ணி, மூச்சை அடக்குங்க."

லோசா அடக்கினாள். சிமென்ட் தரை சில்லென்றிருந்தாலும் துணியில் இன்னும் நாத்தனாரின் சூடு இருந்தது. எழுந்திருக்க அவளுக்கு மனமே இல்லை.