மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

லிஃப்டை நிறுத்துமுன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்குக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. கிரீஸ் இதைப் பத்தொன்பது வருஷமாகத் தவறாமல் செய்துவந்தான். அன்று காலை பதினோரு மணிக்குத்தான் செய்யவில்லை. கீழே 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டினான், ஆறு மாடியும் மூச்சிரைக்க ஏறினான், மொட்டைமாடி மெஷின் ரூமுக்குள் போய் மெயின் சுவிட்சை இறக்கினான், எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தான். சுவரிலிருந்த இன்டர்காம் அலறியது.

"யாருய்யா அங்க? டைரக்டர் பேசறேன்!"

வீட்டுவசதி அலுவலகத்தின் டைரக்டர். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே, இருட்டில், தன்னந்தனியாக.

கிரீஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவன் கை பட்ட இடத்திலெல்லாம் ஒரு கறுப்பு அடையாளம் விழும் என்பதால் ஊழியர்கள் சூட்டியது. இன்றைக்கு விழுந்த அடையாளம் கொஞ்சம் பெரிசு என்று நினைத்துக்கொண்டே, "ஒரே நிமிஷம் சார்" என்று சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்துக் கீழே ஏதோ பெரிதாகச் சரிந்தது. வெளியே ஓடி, கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தான். காலையிலிருந்து தெருவில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் இரும்புக் கேட்டைச் சாய்த்துவிட்டிருந்தது. வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் தொப்பியைப் பிடித்தபடி எதிர்ப்பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல வேகமான நடை.

அந்தக் கூட்டத்தை அவனுக்குத் தெரியும். இந்த அலுவலகம் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இரண்டு வருஷத்துக்கு முன் படிக்கட்டு இடிந்து பதினோரு பேர் செத்தார்கள். கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்த படிக்கட்டு. அக்காவின் கணவரைத் தோண்டி எடுத்தவன் கிரீஸ்தான். அத்தான் கையில் பால் பாக்கெட் இருந்தது, ஒரு பொத்தல்கூட விழாமல்.

சுவிட்சைப் போட்டால் லிஃப்ட் டைரக்டர் அழுத்திய கீழ்த்தளத்துக்கு நேராகப் போய், மரியாதையாகக் கதவைத் திறந்து, முந்நூறு பேருக்கு அவரை எடுத்துக் கொடுக்கும். கிரீஸ் சுவிட்சைத் தொடாமல் நின்றான்.

"என்னய்யா ஆச்சு?" என்றது இன்டர்காம்.

"வெளிய நெரிசலா இருக்கு சார். கொஞ்சம் பொறுங்க."

யோசித்து முடிப்பதற்குள் மொட்டைமாடிக் கதவு உதை வாங்கித் திறந்தது. முன்னால் வந்தவன் தாடி. பஸ் கண்டக்டர், அம்மாவை அந்தப் படிக்கட்டில் பறிகொடுத்தவன். அவனோடு இரண்டு பேர். பின்னால், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அக்கா.

தாடி அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். "சிங்கம்டா நீ! லிஃப்டுக்குள்ள அவன் கத்தறது படி வரைக்கும் கேக்குது. ஆளை அப்படியே அமுக்கி வச்சிட்டியே!"

"அய்யோ அண்ணே, நான் எங்க அமுக்கினேன்? பார்க்க மறந்துட்டேன்."

"அடக்கத்தைப் பாரு! சரி, எதை இழுத்தா லிஃப்ட் விழும்?"

மோட்டார் பக்கத்தில் பிரேக்கின் சிவப்புக் கைப்பிடி, ஒரு முழ நீளம், 'ஆபத்து' என்ற எழுத்தோடு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்தது. தாடி அதைப் பார்த்தான்.

"இதுவா?"

"அண்ணே, சொல்றதைக் கேளுங்க. இவன் போனா இன்னொருத்தன் வருவான். அவன் மட்டும் சிமென்ட்ல மண்ணைக் கலக்காம இருப்பானா?"

"கலப்பான். ஆனா கலக்கும்போது கை நடுங்கும்ல? அது போதும் எனக்கு."

அத்தானைத் தோண்டிய ராத்திரி கிரீஸே இதைவிட மோசமாக யோசித்திருக்கிறான். ஆனாலும் இன்டர்காமை எடுத்தான். டைரக்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் இவர்கள் கொஞ்சம் இறங்கி வரலாம் என்று ஒரு நப்பாசை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் படிக்கட்டை நேர்ல பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

"அது விசாரணையில இருக்கிற விஷயம்."

"பார்த்தீங்களா, இல்லையா?"

"உரிய அதிகாரி பார்த்திருப்பார். உரிய நேரத்துல உரிய பதில் வரும். முதல்ல லைட்டைப் போடுய்யா!"

எல்லோருக்கும் கேட்டது. "உரிய!" என்று தாடி காறித் துப்பிவிட்டுக் கைப்பிடியை நோக்கி நகர்ந்தான்.

அக்கா குறுக்கே வந்து நின்றாள். "நீங்க போங்க. நான் இழுக்கறேன்."

"அக்கா, நீங்க எதுக்கு..." என்றான் தாடி.

"ரெண்டு வருஷம், ஏழு மனு. ஒவ்வொரு தடவையும் லிஃப்ட், ஆபீசருங்களுக்கு மட்டும்னு சொல்லி ஆறு மாடி ஏற விட்டானுங்க. என் புருஷன், என் கை. போங்க கீழ. விழுதான்னு பாருங்க."

தாடியும் மற்ற இருவரும் படியில் தடதடவென்று இறங்கினார்கள்.

கிரீஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பலே அக்கா, என்ன நடிப்பு! லிஃப்ட் வடத்தின் மறுமுனையில் தொங்கும் இரும்பு எடை, லிஃப்ட் பெட்டி எடையும் நாலு ஆள் எடையும் சேர்ந்தது. உள்ளே ஒற்றை ஆள் இருக்கும்போது பிரேக்கை எடுத்தால் அந்த எடைதான் இறங்கும், பெட்டி மேலே ஏறும். விழவே விழாது. தொழில் கற்ற காலத்தில் இதை அக்காவுக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, டம்ளரில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு முறையா இரண்டு முறையா, பத்து முறை விளக்கியிருக்கிறான். இவளுக்குத் தெரியாதா?

"இழு அக்கா," என்றான், ஏறக்குறைய சிரித்துக்கொண்டு. "நான் விடுன்னு சொன்னதும் விட்டுடு."

அவள் இழுத்தாள். இரண்டு கையாலும், கண்ணை மூடாமல்.

பெரிய சக்கரம் முனகிற்று, அசைந்தது, சுற்ற ஆரம்பித்தது. இன்டர்காமில் டைரக்டர் கடவுளைக் கூப்பிட்டார். வடத்தில் ஆறாவது மாடிக்கு அடையாளமாக அவனே அடித்த மஞ்சள் பட்டை நெருங்கிவந்தது.

"விடு."

அவள் விடவில்லை.

"அக்கா, விடு! மேல போய் முட்டும்!"

அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கைப்பிடியை விடுவிக்க வேண்டியிருந்தது. பிரேக் டக்கென்று கடித்தது. பட்டை ஒரு சாண் தாண்டிப் போய் நின்றது.

அவன் ஆறாம் மாடிக்கு ஓடினான். முக்கோணச் சாவியால் கதவைத் திறந்தான். டைரக்டர் நனைந்த கோழி மாதிரி வெளியே குதித்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார். கிரீஸை மேலும் கீழும் பார்த்தார்.

"லிஃப்ட் ஏன் நின்னுச்சுன்னு எனக்கு எழுத்துமூலமா விளக்கம் வேணும்."

இந்த ஆளைக் காப்பாற்றியதற்காகக் கிரீஸ் வருத்தப்பட்ட முதல் தருணம் அது. கடைசித் தருணம் என்று சொல்ல முடியாது. அவரைப் பழைய கோப்புகள் குவிந்த அறைக்குள் தள்ளி வெளியே பூட்டினான். அக்காவின் ஏழு மனுவும் அங்கேதான் எங்கேயோ கிடக்கும். உட்கார்ந்து படிக்கட்டும். கீழே காலியாக இருந்த லிஃப்ட் குழியைப் பார்த்துக் கூட்டம் உறுமியது. தூரத்தில் போலீஸ் வண்டிகளின் சைரன் கேட்டது.

மெஷின் ரூமில் அக்கா அதே இடத்தில் நின்றிருந்தாள். உள்ளங்கை இரண்டும் கறுப்பு.

"ஆளு பத்திரம்," என்றான். "நல்லா நடிச்சே போ. பெட்டி மேலதான் போகும்னு உனக்குத் தெரியும்ல?"

"கை துடைக்கத் துணி இருக்கா?"

கொடுத்தான். "டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டுவேனே, ஞாபகம் இருக்குல்ல?"

"கீழ என்ன சத்தம்?"

"போலீஸ். அக்கா, நான் கேட்டதுக்குச் சொல்லு. தெரியும்ல?"

அவள் துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியாதுடா. விழணும்னுதான் இழுத்தேன்."