புள்ளிக்குப் பின்னால்

"டீ ஆறிப்போகுது" என்றேன். அவர் நிமிரவில்லை. ஆபீசுக்குக் கிளம்பும் முன் தினமும் செய்வதையே அன்றும் செய்துகொண்டிருந்தார். மடிக்கணினியில் 'நம்ம.வீடு' என்று தட்டினார். அப்படியொரு முகவரி உலகத்திலேயே கிடையாது. 'இந்தத் தளத்தைக் கண்டறிய முடியவில்லை' என்று வந்தது.

"இன்னைக்கும் பூட்டித்தான் இருக்கு."

"கட்டாத வீட்டுக் கதவைத் தட்டினா யாருங்க தொறப்பா?"

சிரித்தார். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

இணைய முகவரியில் புள்ளிக்குப் பின்னால் வரும் சொல்லுக்கும் உரிமை கேட்கலாம் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'வீடு' என்ற சொல்லைக் கேட்டு அவரும் என் தம்பியும் விண்ணப்பித்திருந்தார்கள். மூன்று மேசையும் ஒரு மின்விசிறியும்தான் கம்பெனி. வாடகைக்கு விடுகிறவர், குடிபோகிறவர் எல்லோரும் தங்கள் மொழியிலேயே ஒரு முகவரி வைத்துக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். அதே சொல்லை ஒரு பெரிய நிறுவனமும் கேட்டிருந்தது. இருவரில் ஒருவர் விலக வேண்டும்; இல்லையென்றால் ஏலம். யானையோடு கயிறு இழுக்க முடியுமா என்பான் தம்பி. இவர் விலக மாட்டேன் என்பார். அந்தப் பேச்சிலேயே இருவருக்கும் தலை நரைத்தது.

அன்று மதியம் அந்த நிறுவனத்து வக்கீலம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலை மேசையில் சாய்ந்தது. வெளியே போயிருந்த தம்பி திரும்பியபோது, அந்தம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாராம்: "சார், படம் அப்படியே நிக்குது. உங்க சத்தமும் வரல. சார்?"

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்த பிறகு தம்பி வந்தான். ஏலம் நெருங்கிவிட்டது. அவருடைய பங்கு இப்போது என்னிடம். நான் சரி என்றால்தான் விலக முடியும்.

"ஏலத்துக்குப் போனா ஆபீஸையே மூடணும்க்கா. விலகினா வேற வேலை பார்த்துப் பொழைச்சுக்கலாம். ஆனா மாமா இருந்தா விட்டிருக்க மாட்டார்."

"மாமாவை விடு. நீ என்ன நெனைக்கற?"

அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

"எனக்குத் தூங்கணும்க்கா. அவ்ளோதான்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"விட்டுடு" என்றேன்.

"மாமாகிட்ட யாரு சொல்றது?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் சொல்லிக்கறேன், போ."

சொல் அவர்கள் கைக்குப் போனது. வருடங்கள் ஆகின்றன, அதில் ஒரு முகவரிகூடத் திறக்கவில்லை. திறக்கும் உத்தேசமே இல்லையாம். மற்றவர் கைக்குப் போகாமல் இருந்தால் போதுமாம். வக்கீலம்மாவே தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

காலையில் டீ போட்டுக்கொண்டு அவருடைய மடிக்கணினியைத் திறக்கிறேன். அதற்கும் வயதாகிவிட்டது, மெதுவாகத்தான் விழிக்கிறது. நம்ம, புள்ளி, வீடு. தட்டிவிட்டுக் காத்திருக்கிறேன்.

இந்தத் தளத்தைக் கண்டறிய முடியவில்லை.